அஞ்சறைப் பெட்டியின் முன்னால்

அடுப்பில் புளிக்கரைசல் கொதித்துக்கொண்டிருக்கிறது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்தபடி அந்த அம்மாள் நிற்கிறார். ஐம்பது வருஷமாக ரசம் வைத்த கை சீரகத்தின் மேல் போய், தயங்கி, வெந்தயத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அடுத்து என்ன போட வேண்டும் என்று பிடிபடவில்லை. சமையலறை வாசலில் நிற்கும் மருமகள் இதைப் பார்த்துவிடுகிறாள். இரவு கணவனிடம் சொல்கிறாள். அவனிடம் பதில் தயாராக இருக்கிறது: "வயசாயிடுச்சுல்ல. எழுபத்திரண்டு. விடு."

இந்த "வயசாயிடுச்சு" இல்லாத வீடு கிடையாது. அதே வீட்டில் கண் மங்கினால் புரை ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறார்கள். முட்டி வலித்தால் எலும்பு டாக்டர், பல் ஆடினால் பல் செட். அத்தனையும் வயசாகி வந்ததுதான். அதற்காக யாரும் சும்மா இருப்பதில்லை. மறதிக்கு மட்டும் வயசைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் இப்படியே ஓடும். ஒருநாள் கோயிலுக்குப் போன அம்மா வீட்டுக்கு வழி தெரியாமல் வேறு தெருத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குத்தான் டாக்டர் நினைவுக்கு வருவார்.

வீணாகும் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

இந்தியா முழுவதும் 60 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்ட 'லாசி-டாட்' ஆய்வின் கணக்கு 2023-ல் வெளியானது. நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதிநோய். மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்வதைத்தான் இங்கே மறதிநோய் என்கிறோம். அது ஒரே நோயின் பெயரல்ல. மூளை பழுதாகி அன்றாட வாழ்க்கை தடுமாறும் நிலைக்கான பொதுப்பெயர். அதை உண்டாக்கும் நோய்களில் அல்சைமர் முதலிடத்தில் இருக்கிறது. மூளை ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது அடுத்தது. இரண்டும் கலந்து இருப்பவர்களும் ஏராளம்.

எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?

கல்யாண மண்டபத்தில் எதிரே ஒருவர் வருகிறார். முகம் தெரியும், ஊர் தெரியும், அவர் பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார் என்பது வரை தெரியும். பெயர் மட்டும் வராது. பந்தியில் பாயசம் வரும்போது பெயரும் வந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் இது நடக்கும். பெயர் தொலையவில்லை, பரணில் ஏறி எடுத்து வருவதற்குள் நேரமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கல்யாணத்துக்குப் போனதே நினைவில் இல்லை என்றால் கதை வேறு. போட்டோவைக் காட்டினாலும் "இது எப்போ?" என்று கேட்கிறார் என்றால் விசாரிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரே கேள்வியை ஐந்து தடவை கேட்பதும் அப்படித்தான். கேட்பதைவிட, ஏற்கெனவே கேட்டோம் என்பதே தெரியாமல் இருப்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. முப்பது வருஷம் வங்கியில் வேலை பார்த்தவர் மளிகைக்கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் திணறுகிறார். தினமும் நடந்த தெருவில் வழி குழம்புகிறது. சொல்ல வந்த வார்த்தை வராமல் எல்லாமே "அது… அந்த இது" ஆகிவிடுகிறது. அளவுகோல் அவரவருடைய பழைய கைத்திறன்தான். வாழ்நாளில் கணக்கே பார்க்காதவர் கணக்கில் தப்பு செய்தால் அதில் செய்தி எதுவும் இல்லை.

குடும்பங்கள் தவறாகப் படிக்கும் அறிகுறி ஒன்று உண்டு. "என் வளையலை வேலைக்காரி எடுத்துட்டா" என்று திடீரென்று பழி சொல்வது. தானே ஓரிடத்தில் வைத்துவிட்டு, வைத்தது நினைவில் இல்லாமல் போகும்போது, காணாமல் போனதற்கு மூளை ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறது. திருட்டு என்பதுதான் கைக்கெட்டிய காரணம். பழி மருமகள் மேல் விழுந்துவிட்டால் அது மாமியார்-மருமகள் சண்டையாகிறது. வைத்தியம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

"பழசெல்லாம் அப்படியே சொல்றாரே, அப்புறம் என்ன மறதி?" என்பது இன்னொரு சமாதானம். தாத்தா 1964 தனுஷ்கோடிப் புயலை நேற்றுப் பார்த்ததுபோல் விவரிப்பார். காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். இரண்டும் எப்படி ஒரே தலைக்குள் நடக்கின்றன என்பதை மருத்துவ உலகம் ஒரு துயரத்தின் வழியாகத்தான் கற்றுக்கொண்டது. 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றியிருந்ததையும் பெருமளவு எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குள் தங்கவில்லை. 2008-ல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசிவிட்டுப் போனவரையும் புதிதாகச் சந்திப்பவர்போல வரவேற்றார். சிறுவயது நினைவுகள் மட்டும் இருந்தன. அன்றாட அனுபவத்தைப் பதிவு செய்யும் எழுத்தர் ஹிப்போகாம்பஸ். பழைய பதிவேடுகள் இருப்பது வேறு அறையில். அல்சைமர் தொடக்கத்திலேயே பாதிக்கும் பகுதிகளில் இந்த எழுத்தரின் மேசையும் ஒன்று. அதனால் பழைய கதை பிசகாமல் வருவதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மொலைசனிடம் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று இந்த நூலின் வாசகர்களுக்குப் பின்னால் உதவும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் கோடுகளைப் பென்சிலால் தொடரச் சொன்னார். ஒவ்வொரு நாளும் மொலைசனுக்கு அது புது விளையாட்டு. முன்பு செய்த நினைவே இல்லை. ஆனால் மூன்று நாளில் கை தேறிவிட்டது. மனம் மறந்ததைக் கை கற்றுவைத்திருந்தது. வீட்டுப் பெயர்களைக் குழப்பும் பாட்டி, வாசலில் பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பிசகில்லாமல் போட்டு முடிப்பதும் இந்த வகைதான்.

அல்சைமர் என்ற பெயர் வந்த கதையும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனைக்கு அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். கணவர்மேல் சந்தேகம், சமையலில் குழப்பம், பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைப்பது: வளையல் கதையின் ஜெர்மன் வடிவம். மதியம் பன்றியிறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் அலோயிஸ் அல்சைமர் கேட்டார். பசலைக்கீரை என்று பதில் வந்தது. 1906-ல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். டாக்டர் கைப்பட எழுதிய கேஸ் ஷீட் 1995-ல் அதே ஊரில் திரும்பக் கிடைத்தது.

மாத்திரைப் பை

பயந்து கூகுளில் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரியவரின் மாத்திரைப் பையை மேசையில் கொட்ட வேண்டும். சர்க்கரை டாக்டர் கொடுத்தது, இதய டாக்டர் கொடுத்தது, முட்டிக்கு வாங்கியது, போன வருஷச் சளிக்கு வாங்கி மிஞ்சியது, பக்கத்து வீட்டு மாமா "நல்லா தூக்கம் வரும்" என்று சொன்னது எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்திருக்க மாட்டார்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் முதியவர்களை மந்தமாக்கும், நினைவைக் குழப்பும். சளி மாத்திரைகளில் சர்வசாதாரணமாக இருக்கும் குளோர்ஃபெனிரமின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதைத் தடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை மறிக்கின்றன. இருபது வயதில் ஒன்றும் செய்யாத மாத்திரை எழுபத்தைந்தில் ஆளையே மாற்றிவிடும். ஆனால் எதையும் வீட்டில் முடிவுசெய்து திடீரென நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். பையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் சரி.

அடுத்து ரத்தப் பரிசோதனை. வைட்டமின் பி12 குறைந்தால் மறதி, கால் எரிச்சல், தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரலாம். பி12 மீன், முட்டை, இறைச்சி, பால் வழியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. மோரும் சாதமுமாக வாழும் சைவக் குடும்பங்களில் குறைபாடு சகஜம். சர்க்கரைக்குப் பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறைகிறது. மலிவான பரிசோதனை, மலிவான ஊசி. தைராய்டு சுரப்பு குறைவதும் மூளையை மந்தமாக்கும். சோடியம் குறைவது இன்னொன்று. பி.பி.க்கு நீர் மாத்திரை எடுத்துக்கொண்டு, உப்பையும் அடியோடு விட்டுவிட்ட பெரியவர் இரண்டு நாளில் பேச்சுக் குழறிப் படுத்துவிடுவது ஆஸ்பத்திரிகளில் வாடிக்கையான காட்சி. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி வரும் குழப்பமும் உண்டு.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென உளறினால், இல்லாத ஆட்களோடு பேசினால், அது மறதிநோயின் நடை கிடையாது. மறதிநோய் மாதக்கணக்கில் மெதுவாக வரும். திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, சோடியமோ, பக்கவாதமோ இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்து, "ஒண்ணும் ஆகலை" என்று எழுந்து வந்தவர் மூன்று வாரம் கழித்துத் தூங்கி வழிந்தால், மண்டையோட்டுக்குக் கீழே மெல்லக் கசிந்த ரத்தம் மூளையை அழுத்துகிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். நடை தரையோடு ஒட்டியதுபோல் ஆவது, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். அதற்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

மனச்சோர்வைக் கடைசியில் சொன்னாலும் அது சின்ன விஷயமில்லை. மனைவி இறந்த ஆறாம் மாதத்தில் தாத்தாவுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை என்றால், நிற்கவைக்க அவருக்கு விருப்பமே இல்லாமல் போயிருக்கலாம். இதற்கு மருந்தும் பேச்சும் பலன் தரும். ஆனால் முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதிநோயின் முன்னறிவிப்பாகவும் இருப்பதால், தேறிவிட்டார் என்று விட்டுவிடாமல் கண்காணிக்க வேண்டும்.

டாக்டர் முன்னால்

யாரிடம் போவது? முதலில் குடும்ப டாக்டர். பிறகு நரம்பியல், மனநலம் அல்லது முதியோர் நல மருத்துவர். நாட்டின் முதல் முதியோர் நல மருத்துவப் பிரிவு 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. 2024-ல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய மையம் திறக்கப்பட்டது.

பெரியவரை அழைத்துப்போவதுதான் பெரும்பாடு. "உங்களுக்கு மறதி, வாங்க காட்டலாம்" என்றால் எந்தத் தன்மானமுள்ள மனிதரும் வர மாட்டார். பி.பி. பார்க்க, சர்க்கரை பார்க்க என்று கூட்டிப்போவதில் தப்பில்லை. அவையும் பார்க்கத்தானே போகிறார்கள். கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: முதலில் கவனித்தது எப்போது, என்ன நடந்தது, மெல்ல வந்ததா படிக்கட்டில் இறங்குவதுபோல் திடீர் திடீரென்றா, பணம், சமையல், குளியல், வழி இவற்றில் எது தடுமாறுகிறது. இந்தத் தாளை டாக்டரிடம் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். பெரியவர் முன்னாலேயே "இவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை சார்" என்று பட்டியல் வாசிப்பது கொடுமை. அவருக்குக் காது கேட்கும்.

டாக்டர் சில கேள்விகள் கேட்பார். இன்று என்ன கிழமை, இந்த மூன்று சொற்களைச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டுங்கள் என்று. பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்லி மதிப்பெண் போட்டால் அது மூளைப் பரிசோதனை ஆகாது. அவர் வாழ்க்கையைத்தான் மறுபடி ஃபெயிலாக்குகிறோம். இந்தக் கோளாறை நேரடியாக எதிர்கொண்டது 10/66 என்ற ஆய்வுக் குழு. வளரும் நாடுகளில் உலகின் 66 சதவீத நோயாளிகள் இருக்கிறார்கள், ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதல்ல என்பதைத்தான் அந்தப் பெயர் குத்திக்காட்டுகிறது. படிப்பறிவால் முடிவு மாறிவிடாத சோதனை முறையை அது உருவாக்கியபோது சென்னையும் வேலூரும் களங்களாக இருந்தன. நல்ல டாக்டர் கடிகாரத்தோடு நிற்க மாட்டார், கூட வந்தவரிடம் "ரேஷன் கடைக்குத் தனியாகப் போகிறாரா?" என்றும் கேட்பார். கேட்காவிட்டால் கூடப் போனவரே சொல்லிவிடலாம்.

நாற்பதிலேயே தொடங்கும் கணக்கு

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் உலகத்திலிருந்து நீக்க முடிந்தால் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது ஊர் முழுவதற்குமான கணக்கு. தனியொருவருக்கு உத்தரவாதம் கிடையாது. எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் நோய் வருவதுண்டு, அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. சிறுவயதில் படிப்பு கிடைக்காதது, காது மந்தம், கெட்ட கொலஸ்ட்ரால், பி.பி., சர்க்கரை, புகை, மது, உடல் பருமன், உழைப்பின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு என்று பட்டியல் போகிறது.

இதில் பி.பி.யை ஒரு படி மேலே வைக்கலாம். நாற்பது வயதில் 150-ஐத் தொட்டுவிட்டு "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று திரிகிறவர்தான் எழுபதில் மூளைக்கான விலையைக் கொடுக்கிறார். அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140-க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட, மறதிநோய்க்கு முந்தைய லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவு. எல்லா முதியவருக்கும் 120 பொருந்தாது. எழுந்தவுடன் தலைசுற்றி விழுகிறவருக்கு டாக்டர் வேறு அளவு வைப்பார். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்த மாத்திரை மூளைக்கும் சேர்த்துத்தான்.

காது, யாரும் எதிர்பார்க்காத இடம். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், சபையில் தலையாட்டிவிட்டு டி.வி. பக்கம் போய்விடுகிறார், மூளைக்கு வேலை குறைகிறது. 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் நடந்த 'அச்சீவ்' ஆய்வு 2023-ல் வெளியானது. மொத்தக் கூட்டத்தில் காது கருவியால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவினரிடம் மூன்று வருஷத்தில் சிந்தனைத் திறன் சரிவது 48 சதவீதம் மட்டுப்பட்டது. மூக்குக்கண்ணாடியை மூக்கின்மேல் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் நம் ஆட்கள், காதில் கருவி வைக்கச் சொன்னால் மானம் போனதுபோல் பதறுகிறார்கள். இது விசித்திரம்தான்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதியவர்கள் 120 பேரில் பாதிப்பேரை ஒரு வருஷம், வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வேகமாக நடக்கவைத்த ஆய்வில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெரிதானது. கை காலை நீட்டி மடக்கியதோடு நின்ற மறுபாதியினருக்கு அது சுருங்கியது. பின்லாந்தில் 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி. கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துபார்த்த 'ஃபிங்கர்' ஆய்வும் இரண்டு வருஷத்தில் பலன் காட்டியது. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது கைகொடுக்கும் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

வல்லாரை? துவையலாகச் சாப்பிட நன்றாக இருக்கும், சாப்பிடலாம். மறதிநோயைத் தடுக்கும் என்று உறுதிசெய்த பெரிய ஆய்வு கிடையாது. டி.வி.யில் விற்கும் ஞாபகசக்தி டானிக்குகளுக்கும் இதே பதில், விலை மட்டும் அதிகம். தினம் சுடோக்கு போட்டால் சுடோக்குவில் கெட்டிக்காரராகலாம்.

மொழி விஷயம் சுவாரசியமானது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட, சராசரியாக நாலரை வருஷம் தாமதமாகத்தான் நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது என்பதுதான் அதன் சிறப்பு. வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசி, தெருவில் தமிழ் பேசும் லட்சக்கணக்கான பேர் இந்த உடற்பயிற்சியைக் காசில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். மொழிதான் காரணமா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 1986-ல் தொடங்கி, 678 கன்னியாஸ்திரீகளை இறப்புவரை பின்தொடர்ந்தார். அவர்கள் மூளையையும் தானம் செய்தார்கள். அவர்களில் ஒருவரான சிஸ்டர் மேரி 101 வயதில் இறந்தார். கடைசிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தால் அகஸ்டே டெட்டரிடம் இருந்த அதே திட்டுகளும் முறுக்கிழைகளும் நிறைய. திட்டு இருந்தும் ஆள் தடுமாறவில்லை. அவர் 84 வயதுவரை பாடம் நடத்தியவர்.

உறுதியானபின்

டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகிய மாத்திரைகள் இந்தியாவில் எளிதாகக் கிடைக்கின்றன. நோயை அவை நிறுத்துவதில்லை. சிலருக்குக் கொஞ்சகாலம் தெளிவைக் கொடுக்கின்றன. அமெரிக்கா 2023-ல் முழு ஒப்புதல் அளித்த லெக்கனமாப் ஊசி மூளைத் திட்டுகளை அகற்றுகிறது. பதினெட்டு மாத ஆய்வில் சரிவு 27 சதவீதம் மட்டுப்பட்டது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத்தான் பயன், மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்து உண்டு, அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துவிட்டு நிலத்தை விற்கக் கிளம்ப வேண்டாம்.

சொத்து, வங்கி, உயில் வேலைகளைத் தொடக்க நிலையிலேயே, அவருக்குப் புரிந்து கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே, வக்கீலை வைத்து முடித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அவர் விருப்பம் என்ன என்று யாருக்கும் தெரியாமல் போகும். அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டில் சமையல் முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூட வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்ற வேண்டும். சட்டைப் பையிலோ புடவை முந்தியில் முடிந்தோ பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்க வேண்டும். தெருமுனை டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் விஷயத்தைச் சொல்லிவைக்க வெட்கப்படக் கூடாது. மாலை மங்கும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று தன் சொந்த வீட்டு ஹாலில் நின்றுகொண்டே அடம்பிடிப்பார்கள். இதுதான் உங்கள் வீடு என்று பத்திரத்தை எடுத்துக்காட்டி வாதாடினால் ராத்திரி முழுவதும் சண்டைதான். "போலாம்மா, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்பது பொய்யென்று சிலர் சங்கடப்படுவார்கள். அந்தக் காபி முடிவதற்குள் பதற்றம் இறங்கிவிடும் என்பது பார்த்துக்கொள்கிறவர்களின் அனுபவம்.

மொலைசனின் பென்சில் இங்கேதான் உதவுகிறது. பூ கட்டத் தெரிந்த கைக்குப் பூவைக் கொடுக்க வேண்டும். பயறு புடைக்க, வெற்றிலைக் காம்பு கிள்ள, துணி மடிக்க விட வேண்டும். 'ஓ காதல் கண்மணி' படத்தில் லீலா சாம்சன் ஏற்ற பாத்திரம் அல்சைமர் வந்த கர்நாடக இசைப் பாடகி. பாட்டு பல நோயாளிகளிடம் வெகுகாலம் தங்குவது உண்மைதான்.

பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் ஒரே பெண்: மனைவி, மகள் அல்லது மருமகள். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாரம் ஒருமுறை வீடியோ காலில் வந்து "அம்மா நல்லாத்தானே பேசுறாங்க" என்று தீர்ப்புச் சொல்வார். அந்தப் பத்து நிமிடம் அம்மா நன்றாகத்தான் பேசியிருப்பார். அந்த மகன் லீவில் வந்தால் ஒரு வாரம் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு செலவைப் பற்றியும் ஆள் வைப்பதைப் பற்றியும் பேசுவது எளிதாகிவிடும். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு மறதிநோய்க்கென்றே பராமரிப்பு மையம் நடத்துகிறது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், பார்த்துக்கொள்கிறவரின் மனம் உடைந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

ஹோம் நர்ஸ் வைக்கும் நாளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவைக்க வேண்டும். அம்மாவை எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்த ஊர்ப்பேச்சை எடுத்தால் முகம் மலரும், காபியில் சர்க்கரை எத்தனை ஸ்பூன், இடது முட்டியைத் தொட்டால் வலிக்கும், நாயைக் கண்டால் பயம், தலைக்கு நல்லெண்ணெய்தான், வெள்ளிக்கிழமை பூ வைக்காவிட்டால் கோபம் வரும். கீழே, பெரிய எழுத்தில்: இவர் ஐம்பது வருஷம் ரசம் வைத்தவர், சமையலறையில் வந்து நின்றால் விரட்ட வேண்டாம், ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, சீரகத்தை எடுத்துக் கையில் கொடுக்கவும்.